புதுப்பிப்பு: சாயங்காலம் உறைந்துபோன கொலுசுக் கணக்கு

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன்: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாமாவின் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு நோட்.ஜேஎஸ்ஸில் (ஜாவாஸ்கிரிப்ட் நிரலைச் சர்வரில் ஓட்டும் மென்பொருள்) நான் எழுதிய கணக்குச் செயலி, சாயங்காலம் ஆறு மணியானால் உறைந்துபோகிறது என்று. சர்வரை மாற்று, ரேமைக் கூட்டு என்றார்கள் சிலர். இரண்டும் இல்லை, தப்பு என்னுடையதுதான்.

ஆறு மணிக்குத்தான் மாமா சேதாரக் கணக்கைத் திறப்பார். வருடம் முழுவதும் கொடுத்த வெள்ளி, திரும்பி வந்த கொலுசு எல்லாவற்றையும் ஒரே லூப்பில் (ஒவ்வொரு பதிவாக எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடும் நிரல்துண்டு) கூட்டிக்கொண்டிருந்தேன். நோட்.ஜேஎஸ் நம் ஜாவாஸ்கிரிப்டை ஒரே த்ரெட்டில்தான் ஓட்டும்; அதாவது ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்த வேலை. அந்த லூப் முடியும்வரை, எடை போடுகிற அண்ணனின் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

முதலில் நிரலில் ஏசிங்க் (async) என்ற சொல்லைச் சேர்த்துப் பார்த்தேன். ம்ஹூம். ஃபைலுக்கும் நெட்வொர்க்குக்கும் காத்திருக்கத்தான் அது உதவும். கூட்டல் கழித்தல் அதே த்ரெட்டில்தான் நடக்கும். அப்புறம் லூப்பை மட்டும் ஒரு வொர்க்கர் த்ரெட்டுக்கு, அதாவது பக்கத்தில் தனியாக ஓடும் இன்னொரு த்ரெட்டுக்கு, நகர்த்தினேன். (நோட்.ஜேஎஸ் வெர்ஷன் 12-லிருந்தே நிலையான வசதி. நான்தான் எட்டிப் பார்க்கவில்லை.)

நேற்று மாமா கணக்கைத் திறந்து வைத்திருக்கும்போதே 340 கிராம் கொலுசு ஒன்று பதிவானது.

"ஏன் மாப்ளே, இதைத் தீபாவளிக்கு முன்னாடியே பண்ணியிருக்கலாமே?" என்றார். என்னிடம் பதில் இல்லை.