ஐந்து வருட உழைப்பு, ஒரே வருட வரி: ஏறுகிற வீதம் நியாயமா?

ஐந்தாம்வருடம் கேட்கிறார்:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வரியே கூடாது என்கிற கட்சி இல்லை நான். ஸ்லாப், அதாவது வருமான அடுக்கு, எப்படி வேலை செய்கிறது என்றும் தெரியும். சம்பளம் ஒரு காசு கூடி மேல் அடுக்கைத் தொட்டால் மொத்தத்துக்கும் புது வீதம் விழுந்துவிடாது, அந்தக் கூடுதல் காசுக்கு மட்டும்தான். அதை யாரும் மறுபடி விளக்க வேண்டாம், ப்ளீஸ்.

என் கதை வேறு. நான்கு வருடம் ஒரு மென்பொருளைத் தனியாக உட்கார்ந்து எழுதினேன். கைச்செலவுக்கு அங்கங்கே துண்டு வேலை. ஐந்தாம் வருடம் ஒரு நிறுவனம் அதை மொத்தமாக வாங்கிக்கொண்டது. என் அக்காவுக்கு மாதச் சம்பளம். போன வாரம் இருவரும் ஐந்து வருடக் கணக்கைக் கூட்டிப் பார்த்தோம். வருமானம் கிட்டத்தட்ட ஒரே தொகை. வரி மட்டும் எனக்கு மூன்று மடங்குக்கு மேல்.

உண்மைத் தொகையை இங்கே போட விருப்பமில்லை, பொம்மைக் கணக்காகப் போடுகிறேன். வருடத்துக்கு 100 வரை வரி இல்லை. 100 முதல் 300 வரை 10 சதவீதம். அதற்கு மேல் 30. அக்காவுக்கு வருடம் 200 வருமானம், 10 வரி. ஐந்து வருடத்தில் 1,000 சம்பாதித்து 50 கட்டினாள். எனக்கு முதல் நான்கு வருடம் வருடத்துக்கு ஐம்பது ஐம்பதாக 200, வரி பூஜ்யம். ஐந்தாம் வருடம் 800. அதில் நடு அடுக்குக்கு 20, மேல் அடுக்குக்கு 150. நானும் 1,000தான் சம்பாதித்தேன், கட்டியது 170.

அதிகம் சம்பாதிப்பவனுக்கு அதிக வீதம் என்கிறார்கள். நான்தான் அக்காவைவிட அதிகம் சம்பாதிக்கவே இல்லையே! சரி, சம்பாதித்ததாகவே வைத்துக்கொள்வோம். வீதம் ஒன்றே என்றாலும் பத்து மடங்கு வருமானக்காரன் பத்து மடங்கு வரி கட்டுவான். அது போதாதா? அந்தக் காலத்து ராஜாகூட விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு என்றுதான் கேட்டார் என்பார்கள். உன் நிலம் பெரிது, நீ மூன்றில் ஒரு பங்கு கொடு என்று சொன்னதாகக் கேள்விப்பட்டதில்லை.

இரவுப்பணி:

உங்களுக்கு வருடக் கணக்கு, எனக்கு மணிக் கணக்கு. நான் செவிலியர். என்னோடு சேர்ந்தவளுக்கும் எனக்கும் மணிக்கு ஒரே கூலி. அவள் வாரம் நாற்பது மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்வாள், நான் கூடுதலாக இரண்டு ராத்திரி எடுப்பேன். அந்த இரண்டு ராத்திரியும்தான் மேல் அடுக்கில் போய் உட்காருகிறது. தூக்கத்தை விற்றுச் சம்பாதித்த காசுக்குத்தான் வீதம் அதிகம். சட்டத்தின் கண்ணுக்கு நான் அவளைவிட வசதியானவள். உண்மையில் அவளைவிடக் களைத்தவள், அவ்வளவுதான்.

இருந்தாலும் ஒரே வீதம் வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. யாராவது சொல்லுங்கள்.

பழைய கணக்குப்பிள்ளை:

தம்பி, முப்பத்தோரு வருடம் ஊரார் வரிக்கணக்கை எழுதினவன் நான். உங்கள் பொம்மைக் கணக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, அதையே எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் இரண்டு கேள்வியை ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறீர்கள். வீதம் ஏறலாமா என்பது ஒன்று. எத்தனை நாள் வருமானத்தை ஒன்றாகக் கூட்டி அந்த வீதத்தைப் போடுவது என்பது இன்னொன்று. உங்களைக் கடித்தது இரண்டாவது. நீங்கள் கல்லெறிவதோ முதலாவதின் மேல்.

பிரித்துப் பார்ப்போம். அக்காவும் தம்பியுமாக அரசுக்குக் கொடுத்தது 220. மொத்த வருமானம் 2,000. அதே 220ஐ விலக்கு எதுவும் இல்லாமல் ஒரே வீதத்தில் வசூலித்தால் 11 சதவீதம். ஆளுக்கு 110. உங்களுக்கு 60 மிச்சம். அந்த 60 எங்கிருந்து வந்தது? அக்கா 50 கட்டிக்கொண்டிருந்தார், இனி 110. நீங்கள் கேட்கிற நியாயத்துக்குப் பில் அக்கா பெயரில் வருகிறது. அவரிடம் கேட்டீர்களா?

விலக்கு வரம்பு 100 இருக்கட்டும், அதற்கு மேல் மட்டும் ஒரே வீதம் என்றால்? அக்காவுக்கு வரிக்குரிய வருமானம் ஐந்து வருடத்தில் 500, உங்களுக்கு 700. ஏனென்றால் முதல் நான்கு வருடம் உங்கள் விலக்கில் பாதி பாதியாக வீணாகிவிட்டது. வீதம் 18 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே போகும். அக்கா சுமார் 92, நீங்கள் 128. ஆக ஒரே வீதம் வந்தாலும் உங்கள் குறை முழுசாகத் தீராது. தீர வேண்டுமானால் விலக்கையே எடுக்க வேண்டும். அதாவது அடுத்த வேளைக்கு வழியில்லாதவனிடமும் முதல் காசிலிருந்தே வாங்க வேண்டும். அதைத் துணிந்து செய்தவர்கள் குறைவு. பிரிட்டனில் 1799இல் பிரதமர் பிட் முதன்முதலாக வருமான வரி போட்டபோதே 60 பவுண்டுக்குக் கீழே விட்டுவிட்டார். 60 முதல் 200 வரை படிப்படியாக ஏற்றி, 200க்கு மேல் பத்து சதவீதம். ஆக ஏறுகிற வீதம் புதுசாக வந்த நோய் இல்லை.

இப்போது உங்கள் உண்மையான குறை. ஐந்து வருட வருமானத்தைக் கூட்டி ஐந்தால் வகுங்கள். வருடம் 200, வரி 10, மொத்தம் 50. அக்காவும் 50, நீங்களும் 50. அடுக்கு அப்படியே இருக்கிறது, ஆனால் அநியாயம் போய்விட்டது. வில்லியம் விக்ரி என்கிற பொருளாதாரக்காரர் 1939இலேயே இதை எழுதிவிட்டார்: வரியைப் பல ஆண்டு வருமானத்தைச் சேர்த்துப் பார்த்துப் போடுங்கள் என்று. 1996இல் அவருக்கு நோபல் அறிவித்தார்கள், மூன்றே நாளில் மனிதர் காலமாகிவிட்டார். அமெரிக்காவில் 1964இலிருந்து சராசரி எடுக்கிற வசதி இருந்தது, 1986 வரிச் சீர்திருத்தத்தில் தூக்கிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் விவசாயிகளுக்கும், எழுத்தாளர், கலைஞர், விளையாட்டு வீரர், கண்டுபிடிப்பாளர் போன்றவர்களுக்கும் இப்போதும் உண்டு. பிரிட்டனில் விவசாயி ஐந்து வருடத்துக்குச் சராசரி கேட்கலாம்.

செவிலியர் அம்மா, உங்கள் குறைக்கு என்னிடம் மருந்து இல்லை. வரிக்குத் தெரிவது வருமானம், உழைத்த நேரம் தெரியாது. மணியைக் கேட்டு வரி போட ஆரம்பித்தால் எல்லோரும் வாரத்துக்கு நூறு மணி நேரம் உழைத்ததாகத்தான் எழுதித் தருவார்கள். நானே எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருப்பேன்.

மேல்படி:

ஐயா கணக்கு அழகு. ஆனால் கேள்வியைச் சாமர்த்தியமாக நகர்த்திவிட்டார். வீதம் ஏறலாமா என்பதற்குப் பதில் வரவே இல்லை.

நான் மேல் அடுக்கில் இருப்பவன், மறைக்கவில்லை. எனக்கு எப்போதும் சொல்லப்படுகிற வாதம் இதுதான்: உன் கடைசிக் காசு உனக்குப் பெரிசில்லை, ஏழைக்குப் பெரிசு. என் மனசுக்குள் போய் அளந்தது யார்? ஒருவரின் இன்பத்தை இன்னொருவரின் இன்பத்தோடு ஒப்பிட அறிவியலில் வழியில்லை என்று பொருளாதாரக்காரர் லயனல் ராபின்ஸ் 1932இலேயே சொல்லிவிட்டார். சரி, ஒப்பிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். காசு கூடக்கூட அதன் அருமை குறைகிறது என்று 1738இல் கணித மேதை டேனியல் பெர்னூலி ஒரு சூத்திரம் கொடுத்தார். அந்தச் சூத்திரத்தை அப்படியே எடுத்து, எல்லோருக்கும் வலி ஒரே அளவு இருக்கட்டும் என்று கணக்குப் போட்டால் கிடைப்பது ஏறுகிற வீதம் இல்லை. எல்லோருக்கும் ஒரே வீதம்தான்! அருமை குறைகிறது என்பதாலேயே வீதம் ஏற வேண்டும் என்று ஆகிவிடாது. கணக்கு தெரிந்தவர்கள் போட்டுப் பார்க்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்லை யாரும் பணக்காரர்களின் வக்கீல் என்று சொல்ல மாட்டார்கள். அவரே ஏறுகிற வீதத்தை மென்மையான கொள்ளை என்றார்.

இன்னொன்று, ஏற்ற ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது? அமெரிக்காவில் 1944இல் 94 சதவீதம். இந்தியாவில் 1973-74இல் கூடுதல் வரியும் சேர்த்து 97.75. ஸ்வீடனில் 1976இல் குழந்தைகள் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரனுக்கு, சுயதொழில்காரர் என்பதால் முதலாளி கட்ட வேண்டிய சமூகக் காப்பீட்டுப் பங்கும் சேர்ந்து, கூடுதல் வருமானத்துக்கு 102 சதவீதம். நூறு சம்பாதித்தால் கையிலிருந்து இரண்டு போட வேண்டும். இதற்கெல்லாம் ஒவ்வொரு கட்டத்திலும் நியாயம் சொன்ன ஆட்கள் இருந்தார்கள்தானே?

பழைய கணக்குப்பிள்ளை:

பெர்னூலி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. நான் ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் கடைசிக் காசு வாதத்தின் மேல் நான் வீடு கட்டுவதில்லை.

மில் விஷயத்தில் பாதிதான் சொன்னீர்கள். வாழ்வதற்கு வேண்டியதற்கு வரி கூடாது என்றவரும் அவரே. உழைக்காமல் பரம்பரையாக வருகிற சொத்துக்குக் கடுமையான வரம்பு வேண்டும் என்றவரும் அவரே. உழைத்தவனிடம் அதிகம் பிடுங்காதே என்பதுதான் அவர் கவலை. அதோடு எனக்குச் சண்டை இல்லை.

102க்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. இந்தியாவிலும் அந்த 97.75ஐ அடுத்த வருடமே 77க்கு இறக்கினார்கள். அப்படிப்பட்ட வீதத்தைக் கட்டுகிறவனைவிட அதிலிருந்து தப்பிக்க ஆடிட்டருக்குக் கட்டுகிறவன்தான் அதிகம். ஆடிட்டர் ஆபீஸ் வாசலிலேயே வாழ்ந்தவன் சொல்கிறேன்.

பின்னே நான் எதன் மேல் நிற்கிறேன்? வருமான வரியைத் தனியாக எடுத்து நிறுக்கிறோம், அதுதான் தப்பு. மனிதன் கட்டுவது அது ஒன்று மட்டுமா? வாங்குகிற ஒவ்வொரு பொருளிலும் வரி இருக்கிறது. 100 சம்பாதிப்பவன் 100ஐயும் செலவழிக்கிறான். செலவில் பத்தில் ஒன்று வரி என்றால் அவன் வருமானத்தில் 10 சதவீதம் போயிற்று. 1,000 சம்பாதிப்பவன் 400 செலவழித்து மீதியைச் சேமிக்கிறான். அவன் கட்டியது 40, வருமானத்தில் 4 சதவீதம். இது இறங்குகிற வீதம். இதைப் பார்த்து யாரும் அநியாயம் என்று இங்கே கேள்வி போடுவதில்லை, ஏனென்றால் அது பில்லில் சின்ன எழுத்தில் இருக்கிறது. ஒரு தட்டு இறங்கியிருக்கும்போது இன்னொரு தட்டில் ஏற்றுகிறார்கள். இரண்டையும் கூட்டினால் பல இடத்தில் கிட்டத்தட்டச் சமமாகத்தான் வந்து நிற்கும். வருமான வரியையும் ஒரே வீதமாக்கினால் மொத்தச் சுமை கீழிருப்பவன் தலைமேல் சாய்ந்துவிடும்.

இன்னொரு வேடிக்கை. உண்மையில் மிக உயர்ந்த வீதம் எப்போதும் உச்சியில் இருப்பதில்லை. பிரிட்டனில் அரசு உதவி வாங்குகிற தொழிலாளி கூடுதலாகச் சம்பாதித்தால், கையில் வருகிற ஒவ்வொரு பவுண்டுக்கும் உதவியில் 55 பென்ஸ் குறையும், 2021 கடைசியிலிருந்து. அதற்கு முன் 63. அங்கே மிகப் பெரிய வருமானக்காரருக்கு வருமான வரியின் உச்ச வீதமோ, ஸ்காட்லாந்து நீங்கலாக, 45. செவிலியர் அம்மா கேட்டதற்கு இதுதான் கிட்டத்தட்ட என் பதில். உங்கள் மேல் அடுக்குக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். அவர் ராத்திரி வேலை பார்ப்பதில்லை, பங்கு வைத்திருக்கிறார். பங்கு விலை ஏறினால், விற்கிற வரைக்கும் பொதுவாக அது வருமானமே இல்லை. விற்றாலும் பல நாடுகளில் அதற்குச் சம்பளத்தைவிடக் குறைந்த வீதம். ஏணி சம்பளக்காரனுக்கு ஏறுகிறது, அதற்கு மேல் போனால் லிஃப்ட் இருக்கிறது. மேல்படி ஐயா சம்பளக்காரர் என்றால் அவர் கோபத்தில் பாதி நியாயம்.

மேல்படி:

சம்பளக்காரன்தான். லிஃப்ட் எங்கே இருக்கிறது என்று இன்னும் எனக்கு யாரும் காட்டவில்லை. மீதிப் பாதியையும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கடைக்காரன் பில்லில் ஒளிந்திருக்கிற வரி அநியாயம் என்றால் அதைக் குறையுங்கள். ஒரு கோணலை இன்னொரு கோணலால் நிமிர்த்துவானேன்? எஸ்டோனியா 1994இல் 26 சதவீதம் என்று ஒரே வீதம் கொண்டுவந்தது, நாடு ஒன்றும் முழுகிவிடவில்லையே.

இரவுப்பணி:

ரஷ்யாகூட 2001இல் எல்லோருக்கும் 13 என்றது. 2021இல் பெரிய வருமானத்துக்கு 15 வந்தது, 2025இல் ஐந்து படியாகி மேலே 22. இறங்கி வந்தவர்களே மறுபடி படி கட்டுகிறார்களே, ஏனாம்? (இதை இப்போதுதான் தேடிப் படித்தேன், ராத்திரி வார்டில் கொஞ்சம் அமைதி.)

ஐந்தாம்வருடம்:

கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன 110ஐ அக்காவிடம் காட்டினேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உன் மென்பொருளுக்கு நான் ஏன்டா 60 கட்டணும்?" என்றாள். நான் அதற்கு ஏதோ கொள்கை பேச ஆரம்பித்தேன், "சாப்பிட வா" என்று எழுந்து போய்விட்டாள்.

ஆகவே ஒரே வீதம் என்கிற கோரிக்கையை வாபஸ் வாங்குகிறேன், கொஞ்சம் வெட்கத்தோடு. சராசரிக் கணக்கை விடுவதாக இல்லை. ஒரே ஒரு சந்தேகம். எத்தனை வருடம் என்று யார் முடிவு செய்வது? எனக்கு ஐந்து பொருந்துகிறது. பத்து வருடம் ஒரே வேலையில் கிடந்தவனுக்கு?

பழைய கணக்குப்பிள்ளை:

விக்ரியின் யோசனை வாழ்நாள் முழுக்கக் கூட்டிக்கொண்டே போவது. காகிதத்தில் அதுதான் நேர்த்தி. நடைமுறையில் நாற்பது வருடத்துக் காகிதத்தை யார் பத்திரமாக வைத்திருப்பது? என்னிடம் வந்தவர்களில் போன வருட ரசீதையே பாதிப் பேர் தொலைத்திருப்பார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் எதிர்ப்பக்கம் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு வருமானம் கடைசியில் வந்தது. ஒருவனுக்கு முதல் வருடமே 800 வந்து, வரியும் கட்டி, அடுத்த நான்கு வருடம் 50 50 என்று இறங்கினால்? சராசரிப்படி கட்டின 170இல் 120ஐ அரசு அவனுக்குத் திருப்பித் தர வேண்டும், அதுவும் தொழில் படுத்து எல்லோருக்கும் வருமானம் குறைந்த வருடங்களில், கஜானாவும் காலியாக இருக்கும்போது. உங்கள் மனுவில் அந்த ஆளுக்கும் ஒரு பாரா எழுதுங்கள். அக்காவையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், சராசரியில் அவருக்கு ஒரு காசு கூடாது, குறையாது.