கம்ப்ரசர் மோட்டார் 8 மாதத்தில் இரண்டு முறை எரிந்துவிட்டது, காரணம் புரியவில்லை

அவிநாசி தையல்கூடம்:
வணக்கம். 12 தையல் மெஷின், 6 இஸ்திரிப் பெட்டி, ஒரு 5 எச்பி கம்ப்ரசர் வைத்திருக்கிறேன். த்ரீ ஃபேஸ் இணைப்பு. மோட்டாருக்கு இரண்டு தடவை காயில் கட்டிவிட்டேன். ஓவர்லோடு ரிலே (கரண்ட் அளவுக்கு மேல் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவி) அடிக்கடி விழுந்து மோட்டார் நின்றதால் அதன் ஆம்பியர் அளவைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தோம். கரண்ட் பில்லும் கூடியிருக்கிறது. வேறு மோட்டார் வாங்குவதா?

ஒயர்மேன்:
இப்போதைக்கு வாங்காதீர்கள். ரிலேயை இன்றே மோட்டார் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்கு இறக்குங்கள், அது காரணமில்லாமல் விழவில்லை. அப்புறம் எல்லாம் ஓடும்போது கிளாம்ப் மீட்டரால் (ஒயரைச் சுற்றிப் பிடித்து கரண்டை அளக்கும் மீட்டர்) ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ், கரண்ட் திரும்பும் நியூட்ரல், இந்த நான்கு ஒயரையும் அளந்து போடுங்கள். ஃபேஸுக்கு ஃபேஸ் வோல்டேஜும் வேண்டும், லோடு இருக்கும்போது ஒரு தடவை, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு தடவை.

அவிநாசி தையல்கூடம்:
எலக்ட்ரீஷியனை வைத்து அளந்தேன் அண்ணா. ஆர் 42, ஒய் 11, பி 13, நியூட்ரல் 31 ஆம்பியர். லோடில் ஆர்-ஒய் 394, ஒய்-பி 406, பி-ஆர் 393. நிறுத்தினால் மூன்றும் 414, 415. இஸ்திரிப் பெட்டி ஆறும் ஆர் ஃபேஸில்தான் இருக்கின்றன, அந்தச் சுவரில் அந்த ஒயர்தான் வந்தது.

ஒயர்மேன்:
நிறுத்தினால் சமமாக வருகிறது என்றால் லைனில் குறையில்லை, உங்கள் லோடு பிரித்த விதம்தான். சராசரி 398, அதிலிருந்து விலகல் 8 வோல்ட், அதாவது 2 சதவீதம். சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் மோட்டாருக்குள் எதிர்த்திசையில் சுற்றும் ஒரு காந்தப்புலம் உருவாகி ரோட்டரை, அதாவது சுழலும் பாகத்தை, பிடித்து இழுக்கிறது. வோல்டேஜ் விலகலைப் போல 6 முதல் 10 மடங்கு வரை கரண்டில் விலகல் வரும். சூடேற்றம் தோராயமாக 8 சதவீதம் கூடும். வழக்கமாகச் சூடு 80 டிகிரி ஏறும் மோட்டாரில் அது 6 டிகிரிக்கு மேல். 10 டிகிரி கூடினாலே காயில் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகும். அதோடு ரிலேயையும் உயர்த்திவிட்டீர்கள்.

பில்லைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். உங்கள் 66 ஆம்பியரை 22, 22, 22 என்று பிரித்தால் நியூட்ரலில் கிட்டத்தட்ட ஒன்றும் ஓடாது, கேபிளில் சூடாகிப் போகும் மின்சாரம் பாதியாகிவிடும். ஆனால் 40 மீட்டர் 10 ஸ்கொயர் (சதுர மி.மீ.) செம்பு கேபிளில் அது மாதம் 30 யூனிட் அளவுதான். உங்கள் பணம் போவது காயில் கட்டும் கூலியிலும், கம்ப்ரசர் நின்று வேலை கெடுவதிலும்தான்.

கோவை பேனல்:
நியூட்ரல் திருகைப் பார்த்தீர்களா? 31 ஆம்பியர் ஓடும் இடம் தளர்ந்தால் சூடேறி விட்டுப்போகும். அப்புறம் லோடு குறைந்த ஃபேஸில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கும், தையல் மெஷின் மோட்டார், லைட் எல்லாம் போய்விடும். நியூட்ரலில் ஃபியூஸ் வைத்திருந்தால் எடுத்துவிட்டு நேராக லிங்க் (உருகாத உலோக இணைப்பு) போடுங்கள். லோடைப் பிரிக்கும்போது எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், ஒரே நேரத்தில் ஓடுபவை எவை என்று பாருங்கள்.

அவிநாசி தையல்கூடம்:
மெயினை நிறுத்திப் பார்த்தோம், நியூட்ரல் லிங்க் கருத்திருந்தது. மாற்றிவிட்டோம். ஃபேஸுக்கு இரண்டு இஸ்திரிப் பெட்டியாகப் பிரித்தோம். இப்போது ஆர் 25, ஒய் 20, பி 21, நியூட்ரல் 5. ரிலே பழைய அளவுக்கே வந்துவிட்டது, 3 வாரமாக ஒரு தடவைகூட விழவில்லை. இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.