மறு: கெர்ஃப் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

வெட்டும்போது கருவி தின்றுவிடும் அகலத்தை ஆங்கிலத்தில் கெர்ஃப் (kerf) என்கிறார்கள்; அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்வியைப் போன வாரம் கிளப்பியவள் நான்தான். எங்கள் பொதுப் பட்டறையில் லேசர் வெட்டி வந்த பிறகு ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குப் பெட்டி செய்யக் கற்றுத் தருகிறோம். 3 மி.மீ. ப்ளைவுட், பக்கங்கள் விரல் கோத்ததுபோலப் பல்லும் பள்ளமுமாக இணையும். முதல் நாளே ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பெட்டியை என் காதருகே ஆட்டிக் காட்டினாள். "அக்கா, அளவு சரியாத்தான போட்டேன், ஏன் லொடலொடங்குது?"

நான் கரும்பலகைக்குப் போவதற்குள், அங்கே வந்துபோகும் பெரியவர் (நாற்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவர்) சொல்லிவிட்டார்: "ரம்பம் தின்னதக் கணக்குல சேக்கலையேம்மா."

அவ்வளவுதான் கெர்ஃப். 10 மி.மீ. பல்லும் 10 மி.மீ. பள்ளமும் வரைகிறோம். லேசர் கோட்டின் நடுவே ஓடி 0.2 மி.மீ. எரித்துவிட்டால் பல் 9.8 ஆகிறது, பள்ளம் 10.2 ஆகிறது. இடைவெளி 0.4. பெட்டி ஆடாமல் என்ன செய்யும்?

வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> 'வெட்டு அகலம்' போதுமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் தவறாகவும் புரியும். முதல் முறை இதைச் சொன்னபோது ஒரு பையன் பலகையின் அகலத்தை அளந்து எழுதினான். இன்னொன்று, எங்களிடம் ஒட்டுத்தாள் வெட்டும் வினைல் வெட்டியும் இருக்கிறது. அதில் இருப்பது கத்தி. தாளைப் பிரிக்குமே தவிர எதையும் எடுக்காது. அங்கே வெட்டு உண்டு, கெர்ஃப் இல்லை. ஆக, இந்தச் சொல்லின் உயிர் 'வெட்டு' என்பதில் இல்லை, 'போனது' என்பதில் இருக்கிறது.

> 'அறுவாய்' என்று பழந்தமிழ்ச் சாயலில் வைக்கலாம்.

காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் 'அரிவாள்' என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள், வகுப்பு அதோடு முடிந்தது.

> 'வெட்டுச் சேதாரம்' என்றால் நகைக்கடை பில்தான் நினைவுக்கு வரும். கலைச்சொல்லுக்கு அது தகுமா?

நினைவுக்கு வரட்டும் ஐயா, அதுதான் வேண்டும். தங்கத்தை ராவும்போதும் அறுக்கும்போதும் போகிற துகளுக்குக் கணக்கு வைக்க நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது; கம்மல் வாங்கிய வீட்டிலெல்லாம் அது தெரியும். ஆங்கிலத்துக் கெர்ஃப் மட்டும் என்ன, ஆய்வுக்கூடத்திலா பிறந்தது? செதுக்குவதைக் குறிக்கும் வினையோடு ஒட்டிய பழைய சொல், மரவேலைக்காரர்கள் புழங்கியது. பட்டறைச் சொல்லைப் பட்டறைச் சொல்லால் பெயர்ப்பதில் குறையொன்றும் இல்லை.

சேதாரம் எடைக் கணக்கு, கெர்ஃப் அகலக் கணக்கு என்று இன்னொருவர் எழுதியிருந்தார். நியாயமான தடைதான். ஆனால் வினையாகப் புழங்கிப் பாருங்கள். 'சேதாரம் சேர்த்து வரை' என்றால், கோட்டை வெளிப்பக்கமாகப் பாதிச் சேதாரம், அதாவது 0.1 மி.மீ., தள்ளு என்று பொருள். ஆசாரி கணக்கில் சேர்ப்பதைப் போலவே நாம் வரைபடத்தில் சேர்க்கிறோம். 'வெட்டு அகல ஈடுசெய்தல்' என்று எழுதிப் பாருங்கள், வாயில் நுழைகிறதா?

கருவி மாறினாலும் சொல் பொருந்துகிறது. சுழலும் பிட்டால் மரத்தைக் குடைந்து வெட்டும் ரூட்டரில் 3 மி.மீ. பிட் போட்டால் சேதாரம் 3 மி.மீ. கைரம்பத்தின் பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்த்திருப்பதால் சேதாரம் தகட்டின் கனத்தைவிடக் கூடுதல்.

இதற்குத் தமிழ்ச்சொல் வேண்டும் என்று நான் அடம்பிடிக்கக் காரணம் வேறு. ஓரிடத்தில் வரைந்ததை இன்னோரிடத்தில் வெட்ட முடிய வேண்டும் என்பதற்காகவே ஃபேப் லேப்கள் (எங்களுடையதைப் போன்ற பொதுப் பட்டறைகளின் உலகளாவிய வலையமைப்பு) ஏறக்குறைய ஒரே கருவிகளை வைத்திருக்கின்றன. புனே பக்கம் பாபல் கிராமத்து விஞ்ஞான் ஆசிரமத்துக்கு ஒரு ஃபேப் லேப் 2002இலேயே வந்துவிட்டது. நாங்களும் இணையத்திலிருந்து வரைபடம் எடுக்கிறோம். வரைபடத்தோடு யாரோ ஒருவருடைய இயந்திரத்தின் சேதாரமும் சேர்ந்து வருகிறது. அதை நீக்கி நம்முடையதைப் போட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு சொல் இல்லாவிட்டால், ஒவ்வொரு முறையும் கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

நம்முடையது எவ்வளவு என்று அறிவது எளிது. 100 மி.மீ. நீளத்தில் பத்துத் துண்டுகளை அடுத்தடுத்து வெட்டி, சுற்றியுள்ள பலகைச் சட்டத்துக்குள்ளேயே ஒரு பக்கமாக நெருக்கித் தள்ளி, மிச்ச இடைவெளியை வெர்னியரில் அளந்து 11ஆல் வகுக்க வேண்டும். வெட்டுக்கோடுகள் பதினொன்று என்பதால் 11. பத்தால் வகுத்து நானே ஒரு பலகையை வீணாக்கியிருக்கிறேன்.

'வெட்டுவாய்' என்று எழுதியவருக்கு: அதையும் வைத்துக்கொள்ளலாம். மேல்முகத்தில் ஒரு அகலம், அடிமுகத்தில் ஒரு அகலம் என்று பிளவின் வடிவத்தைப் பேசும்போது அது உதவும். பிளவு வெட்டுவாய், அதில் போனது சேதாரம்.

வரும் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சித்தாளில் இரண்டையும் அச்சிடுகிறேன். பெரியவரிடம் படித்துக் காட்டினேன். "சேதாரம் சரி. கூலி எங்கம்மா?" என்றார்.