விலை கூடின ஷூதான் நல்ல ஷூவா? ஆம்பூரில் வாங்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குடியாத்தம்_வாசி:
அக்கா வீட்டுக்காரருக்குக் கறுப்பு லெதர் ஷூ வாங்க ஆம்பூர் போயிருந்தேன். ஒரே கடையில் ஒரு ஜோடி 1,400, இன்னொன்று 3,200. பக்கத்தில் வைத்துப் பார்த்தும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கேட்டால், "விலையிலேயே தரம் தெரியுமே சார்" என்கிறார் கடைக்காரர். மாமாவுக்கு முதன்முதலாக வாங்கித் தருகிறேன், மட்டமாகப் போய்விடக் கூடாது. 3,200-ஐயே எடுத்துவிடலாமா?

காட்பாடி_பயணி:
எடுத்துவிடுங்கள். விலை குறைகிறது என்றால் பொருளில் எங்கேயோ கை வைத்திருக்கிறார்கள்.

ஆம்பூர்_கட்டிங்:
தம்பி, அவசரப்படாதீர்கள். நான் இங்கே ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கிறேன். மாட்டுத் தோலை அடுக்கடுக்காகப் பிளப்பார்கள். மேல் அடுக்குதான் உழைக்கும். கீழே வருவது ஸ்பிலிட். அதன்மேல் பியூ (பாலியூரிதேன் என்கிற பிளாஸ்டிக்) பூச்சு ஏற்றி அச்சு அழுத்தினால் மேல்தோல் மாதிரியே இருக்கும், லெதர் என்றே விற்பார்கள். ஆனால் நடக்க நடக்க விரல் மடங்குகிற இடத்தில் பூச்சு வெடித்து உரியும்.

ஷூவின் நாக்கை வெளியே இழுத்து, மடித்துத் தைக்காத வெட்டு விளிம்பைப் பாருங்கள். நார் மேல்வரை ஒன்றாக ஓடினால் நல்ல தோல். பிளாஸ்டிக் படலம் தனியாகத் தெரிந்தால் வைத்துவிடுங்கள், எந்த விலையானாலும் சரி. வாசனையை நம்ப வேண்டாம், அதையும் ஏற்றலாம்.

வரியையும் கணக்கில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், தாண்டினால் 18. வரி சேர்த்துத்தான் 3,200 என்றால் அதில் 490 ரூபாய் போல வரிக்கே போகிறது. அப்புறம் கடை வாடகை, பெட்டி, விளம்பரம்.

வேலூர்_பார்மசி:
மருந்திலும் இதே கதைதான். சிகிச்சைக்கு இங்கே வருகிறவர்கள், அதே பாராசிட்டமால் 500 மில்லிகிராமை விலை குறைவாகக் கொடுத்தால், "நல்லதா கொடுங்கம்மா" என்று திருப்பித் தருகிறார்கள். 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மருந்தே இல்லாத மாத்திரையைக் கொடுத்து, சிலரிடம் 2.50 டாலர் என்றும் மற்றவர்களிடம் 10 சென்ட் என்றும் சொன்னார்கள். வலி குறைந்தது என்றவர்கள் முதல் குழுவில் 85 சதவீதம், அடுத்ததில் 61. கடன் வாங்கி வந்தவர்கள்கூட மலிவு விலை அரசுத் திட்ட மருந்துக் கடையான ஜன் ஔஷதியைத் தாண்டிப் போய் அதிக விலை கொடுப்பதைப் பார்க்க மனசு கேட்பதில்லை.

காட்பாடி_பயணி:
சரி, ஆனால் எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க முடியுமா? செக்கு எண்ணெயை என்ன செய்வீர்கள்? விலையைத்தானே நம்ப வேண்டும்?

ஆம்பூர்_கட்டிங்:
அங்கே விலை ஓரளவு உதவும். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். பருப்பு விலைக்கும் கீழே எண்ணெய் விற்றால் சந்தேகப்படலாம். ஆனால் விலையை ஏற்றி வைத்ததாலேயே அது சுத்தம் என்று ஆகிவிடாது. ஜனங்கள் விலையைப் பார்த்து நம்புகிறார்கள் என்று தெரிந்தால், ஏமாற்றுகிறவனும் விலையைத்தானே ஏற்றுவான்?

குடியாத்தம்_வாசி:
ஞாயிறு திரும்பப் போகிறேன் அண்ணா. இரண்டிலும் தோல் நன்றாகவே இருந்தால்?

ஆம்பூர்_கட்டிங்:
ஷூவின் அடிப்பாகத்தை, அதாவது சோல் எப்படி ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். தைத்ததா, வெறும் பசையா என்று கேளுங்கள். சில ஷூவில் சுற்றிலும் தையல் மாதிரி அச்சு மட்டும்தான் இருக்கும், நகத்தால் நெருடினால் நூல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இரண்டுமே பசை, லைனிங்கும் ஒன்று என்றால் 1,400-ஐ எடுங்கள். மாமாவையும் கூட்டிப் போய் சாயங்காலம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரம் அது.