பேறுகளைப் பட்டியலிடும்போது சில விடுபடுவதும் சில இரட்டிப்பதும் ஏன்?

கேள்வி – உவர்மலைத் தாய்

வணக்கம். என் மகள் தரம் 11 இல் படிக்கிறாள். நிகழ்தகவுக் கணக்குகளில் பின்னத்தைச் சுருக்குவதிலோ கூட்டுவதிலோ அவள் தடுமாறுவதில்லை. மாதிரிவெளியை, அதாவது நிகழக்கூடிய எல்லாப் பேறுகளையும் (முடிவுகளையும்), எழுதும் இடத்தில்தான் புள்ளிகளை இழக்கிறாள். 3 சிவப்புப் பந்துகளும் 2 வெள்ளைப் பந்துகளும் உள்ள பையிலிருந்து ஒன்றை எடுத்து, அதை மீண்டும் இடாமல் இன்னொன்றை எடுக்கும் கணக்கில் "சிவப்பு–சிவப்பு, சிவப்பு–வெள்ளை, வெள்ளை–சிவப்பு, வெள்ளை–வெள்ளை" என நான்கு பேறுகளை எழுதிவிட்டு, இரண்டும் சிவப்பாதலின் நிகழ்தகவு 1/4 என்கிறாள். இலக்கங்களைக் கொண்டு எண்களை அமைக்கச் சொன்னாலும் ஒன்றிரண்டு தவறிப்போகின்றன. எப்படித் திருத்துவது?

பதில் – உப்புவெளியிலிருந்து ஓர் ஆசிரியை

அம்மா, உங்கள் மகள் எழுதிய நான்கிலும் எதுவும் விடுபடவில்லை. அவை சமமாக நேரத்தக்கவை அல்ல என்பதுதான் சிக்கல். நிறத்தை எழுதாமல் பந்தை எழுதச் சொல்லுங்கள்: சி1, சி2, சி3, வெ1, வெ2. இந்த ஐந்தையும் நெய்யரியின் (கட்டமிட்ட வரைபடத்தின்) இரு அச்சுகளிலும், ஒன்றில் முதற்பந்தாகவும் மற்றதில் இரண்டாம் பந்தாகவும், குறித்தால் 25 புள்ளிகள் கிடைக்கும். எடுத்த பந்தை மீண்டும் இடாததால் சி1–சி1 போன்ற மூலைவிட்டப் புள்ளிகள் ஐந்தும் நிகழ முடியாதவை. அவற்றை நீக்கினால் 20 எஞ்சும். அவற்றுள் 6 புள்ளிகளில் இரண்டும் சிவப்பு, ஆகவே விடை 6/20, அதாவது 3/10. பேறுகளைக் கிளைகளாக வரையும் மரவரிப்படத்தில் 3/5 ஐ 2/4 ஆல் பெருக்கினாலும் இதுவே வரும். "மீண்டும் இட்டு" என்று வினா சொன்னால் மூலைவிட்டத்தை விட்டுவைக்க வேண்டும். பிள்ளைகள் பலர் அந்தச் சொற்களை வாசிக்காமலே நெய்யரியை வரையத் தொடங்கிவிடுகிறார்கள்.

எண்களை அமைக்கும்போது மனதில் தோன்றிய வரிசையில் எழுதுவதே விடுபடுதலுக்குக் காரணம். 0, 3, 4, 7 ஆகிய இலக்கங்களை மீளப் பயன்படுத்தாமல் மூவிலக்க எண்களை எழுதுவதாயின், நூறின் இடத்தில் 3 ஐ நிறுத்தி 304, 307, 340, 347, 370, 374 என ஏறுவரிசையில் முடித்த பின்னரே 4 க்குச் செல்ல வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் 6 வர வேண்டும். ஒன்றில் 5 இருந்தால் எங்கே தேடுவது என்பது உடனே தெரிந்துவிடும். 0 முதலிடத்தில் வராது என்பதால் மொத்தம் 18.

மீண்டும் – உவர்மலைத் தாய்

மிக்க நன்றி, ரீச்சர். ஒரு சந்தேகம்: சி1–சி2 உம் சி2–சி1 உம் கையில் ஒரே இரண்டு பந்துகள்தானே? அவற்றை ஒன்றாக எண்ணினால் பிழையா?

பதில் – கிண்ணியா, உயர்தரக் கணிதப் பிரிவு மாணவன்

இந்தக் கணக்கில் பிழையில்லை, ஆனால் பின்னத்தின் மேலேயும் கீழேயும் ஒரே முறையில் எண்ண வேண்டும். திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீர் ஊற்றில் ஏழு கிணறுகள் உள்ளன. அவற்றுள் எழுமாறாக இரண்டைத் தெரிவு செய்தால், வரிசையைக் கருதும்போது 42 பேறுகள், கருதாதபோது 21. குறித்த ஒரு கிணறு அந்த இரண்டில் அடங்குவதன் நிகழ்தகவு 12/42 அல்லது 6/21. இரண்டும் 2/7 தான். மேலே 6 ஐயும் கீழே 42 ஐயும் எழுதுபவருக்கே 1/7 என்ற பிழையான விடை வருகிறது.

இரண்டு தாயக்கட்டைகளை உருட்டும்போது மட்டும் இந்தச் சுருக்கத்தை நம்ப வேண்டாம். வரிசையைக் கருதாமல் எழுதினால் அங்கும் தற்செயலாக 21 சோடிகளே வரும், ஆனால் அவை சமமானவையல்ல: 3 உம் 4 உம் இரு வழிகளில் விழும், 3 உம் 3 உம் ஒரே வழியில்தான் விழும். மூன்று தாயக்கட்டைகளில் கூட்டுத்தொகை 9 ஐயும் 10 ஐயும் எண் சேர்க்கைகளாக எழுதினால் இரண்டுக்கும் ஆறு ஆறுதான் கிடைக்கும். ஆயினும் 216 பேறுகளில் 9 க்கு 25 உம் 10 க்கு 27 உம் உள்ளன என்பதைக் கலிலியோ விளக்கியிருக்கிறார். ஆகவே இரண்டு தாயக்கட்டைகள் என்று கண்டால் 36 புள்ளிகளையும் குறிக்கும்படி தங்கச்சியிடம் சொல்லுங்கள், அன்ரி.