இலையுதிர் காலத்தில் 2 இரவு டென்ட்: புது ஸ்லீப்பிங் பேக் வாங்கணுமா?

ஏரிக்கரை_அம்மா:
வணக்கம். இன்னும் 3 வாரத்தில் நானும் 9 வயது மகளும் ஒரு ஏரிக்கரையில் 2 இரவு தங்கப்போகிறோம். கோடையில் மூன்று தடவை போயிருக்கிறோம். டென்ட் அடிப்பது, அடுப்பு மூட்டுவது எல்லாம் கை பழகிவிட்டது. இலையுதிர் காலத்தில் போவது இதுதான் முதல் முறை. அந்தச் சமயத்தில் ராத்திரி 3, 4 டிகிரிக்கு இறங்குமாம்.

என் ஸ்லீப்பிங் பேக் உறையில் '5 டிகிரி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஆனால் கோடையிலேயே, 12 டிகிரி இருந்த ஒரு ராத்திரியில், மூன்று மணிக்கு முதுகு சில்லிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மகள் சுருண்டு என்னோடு ஒட்டிக்கொண்டு கிடந்தாள். கீழே ஒரு சாண் உயரக் காற்று மெத்தை போட்டிருந்தோம், அதனால் தரைக் குளிராக இருக்காது. புது பேக் வாங்கவா? அல்லது இருப்பதற்குள்ளேயே ஒரு கம்பளியைத் திணித்துச் சமாளிக்கலாமா?

ஈரக்காலணி:
சகோ, 'தரைக் குளிராக இருக்காது' என்று எழுதினீர்களே, அதே தரைதான் குற்றவாளி! ஒரு சாண் மெத்தைக்குள் இருப்பது வெறும் காற்று. நீங்கள் புரளப் புரள அந்தக் காற்றும் சுழலும். உடம்புச் சூட்டை வாங்கிக்கொண்டுபோய்த் தரைக்குக் கொடுத்துவிடும். முதுகுக்குக் கீழே இருக்கும் ஸ்லீப்பிங் பேக் பஞ்சும் உங்கள் எடையில் தட்டையாகிவிடுவதால் அந்தப் பக்கம் அது இருந்தும் இல்லாத கதைதான். கம்பளியை உள்ளே திணித்தால் மேல் பக்கப் பஞ்சையும் சேர்த்து நசுக்குவீர்கள். வேண்டுமென்றால் மேலே போர்த்திக்கொள்ளுங்கள்.

பாய்களுக்கு 'ஆர் வேல்யூ' என்று ஒரு எண் உண்டு. தரைக்குச் சூடு போவதை எவ்வளவு தடுக்கும் என்பதன் அளவு அது. நீங்கள் சொல்லும் குளிருக்கு 4 பக்கத்தில் இருந்தால் நிம்மதி. விசிறி மாதிரி மடிக்கும் ஃபோம் பாய் ஒன்று சுமார் 2 தரும். ஒன்றின்மேல் ஒன்று போட்டால் எண்கள் கூடும், அதனால் இரண்டு போட்டால் கணக்கு சரி. யோகா பாய் போதாது, மெல்லிசு.

அந்த '5 டிகிரி'யையும் நம்பாதீர்கள். பேக்குக்குள் தைத்திருக்கும் சின்ன லேபிளைப் பாருங்கள். ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசத் தர முறைப்படி சோதித்த பேக் என்றால் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று எண் இருக்கும். வெளியே பெரிதாகப் போடுவது பெரும்பாலும் லிமிட், அதாவது சுருண்டு படுத்துச் சமாளிக்கும் எல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட், அதாவது நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தங்கும் கணக்கு, தூங்கும் கணக்கு இல்லை.

கிழக்குவாசல்:
மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். முதல் குளிர்காலப் பயணத்தில் டென்ட்டின் காற்றுத் துவாரம், ஜிப் எல்லாவற்றையும் இறுக்க மூடிவிட்டுப் படுத்தேன். விடிகாலையில் மூக்கின்மேல் சொட்டு. மழை என்று நினைத்து வெளியே வந்தால் வானத்தில் நட்சத்திரம்! எங்கள் மூச்சுதான் உள்கூரையில் முத்து முத்தாக நின்று சொட்டியிருக்கிறது. பேக்கின் கால்மாடு டென்ட் துணியில் உரசி ஊறிப்போயிருந்தது. அதனால் மேல் துவாரத்தை எப்போதும் திறந்தே வையுங்கள். சில்லென்றுதான் இருக்கும், ஆனால் ஈரம் அதைவிடக் கொடுமை.

ஏரியை ஒட்டி அடிக்காதீர்கள். குளிர்ந்த காற்று கனம், பள்ளத்தில் போய்த் தேங்கும். கரையிலிருந்து கொஞ்சம் மேடேறினாலே வித்தியாசம் தெரியும். அண்ணாந்தும் பாருங்கள், காய்ந்த கிளை எதுவும் தலைக்குமேல் தொங்கக் கூடாது.

சீக்கிரம் போய்ச் சேருங்கள். வட நாடுகளில், 50 டிகிரி அட்சரேகையை ஒட்டி, இந்தப் பருவத்தில் பகல் நாளுக்கு 3 நிமிடத்துக்குமேல் சுருங்கும். கோடையில் டென்ட் அடித்த அதே நேரத்தை நம்பிப் போனால் முளையை இருட்டில்தான் தேட வேண்டும்.

சுள்ளி:
இவ்வளவு எதற்கு? படுக்கும் முன் சின்ன கேஸ் அடுப்பை 10 நிமிடம் டென்ட்டுக்குள் எரியவிட்டால் கதகதப்பாகிவிடும். நான் செய்திருக்கிறேன்.

ஈரக்காலணி:
சுள்ளி, கோபிக்காதீர்கள், அதைக் குழந்தையோடு போகிறவரிடம் சொல்லாதீர்கள். மூடிய டென்ட்டுக்குள் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷ வாயு சேரும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலி, தூக்கம், அப்புறம் உயிரே போய்விடலாம். துணி தீப்பிடிப்பது தனிக் கதை. தணிந்துபோன கரியைக்கூட உள்ளே கொண்டுபோகக் கூடாது.

சூடு வேண்டுமென்றால் கசியாத பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, காலுறைக்குள் போட்டு, பேக்குக்குள் கால்மாட்டில் வைத்தால் போதும். மகள் பெரியவர்கள் பேக்கில் படுத்தால் கால்மாட்டில் வெற்றிடம் இருக்கும், மறுநாள் உடைகளை அங்கே அடைத்துவிடுங்கள். காலையில் உடுத்தும்போதும் வெதுவெதுப்பாக இருக்கும்.

அடுப்பு என்றதும் இன்னொன்று. கேஸ் டப்பாவில் வெறும் பியூட்டேன் என்றால் 0 டிகிரியை நெருங்கும்போதே சுடர் சோர்ந்துவிடும். ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்தது வாங்குங்கள்.

ஏரிக்கரை_அம்மா:
எல்லோருக்கும் நன்றி. லேபிளைத் தேடிப் பார்த்தேன், உட்பக்கத் தையலில் கட்டைவிரல் நகம் அளவுக்கு இருக்கிறது. கம்ஃபர்ட் 10, லிமிட் 5. கண்ணாடி போட்டுத்தான் படிக்க முடிந்தது!

சனிக்கிழமை ராத்திரி பால்கனியில் ஒத்திகை பார்த்தோம். வெளியே 7 டிகிரி. முதலில் பழைய காற்று மெத்தை. 1 மணிக்கே முதுகு விறைத்துவிட்டது. எழுந்து மெத்தையை உருட்டி எறிந்துவிட்டு, கடன் வாங்கி வைத்திருந்த ஃபோம் பாய் இரண்டையும் அடுக்கி, அதே பேக்கில் படுத்தேன், மேலே கம்பளி. கண் விழித்தபோது மணி 6. ஆக பேக் இப்போதைக்கு வாங்கவில்லை, பாய்தான் 4 வாங்குகிறேன்.

வெந்நீர் பாட்டில் மட்டும் சொதப்பல். மகள் மூடியைக் கோணலாகத் திருகிவிட்டாள். அவள் பேக்கின் கால்மாடு தொப்பல், பாதி ராத்திரியில் வீட்டுக்குள் ஓடிவிட்டாள். அது காய்ந்ததும் இன்னொரு ஒத்திகை.