பிரெய்டு ஸ்டாண்டில் முடி சிக்கிக்கொள்கிறது, நாளை காலை கஸ்டமர், அவசரம்

கோவைப் பார்லர் (இரவு 8.10)
வணக்கம். புதிதாகப் பிரெய்டு ஸ்டாண்டு வாங்கினேன், பின்னலில் சேர்க்கும் முடியைத் தொங்கவிடும் குச்சி ஸ்டாண்டு. முடியைப் பிரித்துக் குச்சிகளில் மாட்டி வைத்தால் அரை மணி நேரத்தில் பக்கத்துக் குச்சி முடியோடு பின்னிக்கொள்கிறது. ஒன்றை உருவினால் கூடவே நாலு வருகிறது. சீரம் போட்டும் பார்த்துவிட்டேன். நாளை காலை 9 மணிக்கு கஸ்டமர். யாராவது உடனே சொல்லுங்கள்.

திருச்சி மேக்கப் (8.14)
என்ன முடி சிஸ்டர்? சவுரியா, செயற்கையா? என்ன நீளம்? எந்தப் பின்னல்?

மணப்பெண் ஜடை (8.21)
சவுரியாக இருந்தால் வேரும் நுனியும் கலந்திருக்கும். ஓர் இழையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருவிப் பாருங்கள். வேரிலிருந்து நுனிக்கு வழுக்கிக்கொண்டு போகும், எதிர்ப்பக்கம் சொரசொரக்கும். கலந்த முடியை எந்த ஸ்டாண்டில் மாட்டினாலும் சிக்குதான். முகூர்த்த ஜடைக்கு நான் வாங்கும்போதே இப்படிப் பார்த்துத்தான் எடுப்பேன்.

சீனியர் ஸ்டைலிஸ்ட் (8.30)
தொழிலை முறையாகக் கற்றவர்கள் ஸ்டாண்டை நம்பி உட்கார மாட்டார்கள். முதலில் ஹேக்கிள், அதாவது எஃகு ஊசிகள் நட்டுக்கொண்டு நிற்கும் பலகை. முடியை அதில் அடித்துச் சீவ வேண்டும். பிறகு டிராயிங் மேட். வளைந்த கம்பிப் பற்கள் உள்ள இரண்டு மேட்டுக்கு நடுவே முடியைப் படுக்க வைத்து, விளிம்பில் நீட்டும் முனையிலிருந்து வேண்டிய அளவு உருவுவது. 22 வருடமாகப் பார்க்கிறேன், இப்போது வருகிறவர்களுக்கு இந்த அடிப்படையே தெரிவதில்லை.

கோவைப் பார்லர் (8.37)
செயற்கைதான், கனெக்கலான். 82 இஞ்ச் பாக்கெட். கஸ்டமர் இங்கே காலேஜில் படிக்கும் நைஜீரியப் பெண், நாட்லெஸ், அதாவது வேரில் முடிச்சு இல்லாமல் தொடங்கும் பின்னல், கேட்டிருக்கிறார். ஹேக்கிளுக்கு இந்த நேரத்தில் எங்கே போவேன் சார்?

திருச்சி மேக்கப் (8.40)
பிளாஸ்டிக் சீப்பா வைத்திருக்கிறீர்கள்? செயற்கை முடியைப் பிளாஸ்டிக் சீப்பால் சீவினால் கரண்டு ஏறி ஒன்றையொன்று இழுக்கும். மரச்சீப்பு எடுங்கள், கையில் லேசாகத் தண்ணீர் தொட்டுக்கொள்ளுங்கள்.

மணப்பெண் ஜடை (8.46)
அதற்குத்தான் கனெக்கலானே வேண்டாம் என்கிறேன். நம் ஊர்க் கோயில் முடி உலகம் முழுவதும் போகிறது. அதை வாங்கிப் பின்னினால் இந்தத் தொல்லையே இல்லை.

கெமிஸ்ட்ரி டீச்சர் (8.52)
கனெக்கலானுக்கு வேர், நுனி என்று ஒன்றும் கிடையாதுங்க. அது மோடாக்ரிலிக் நார், ஜப்பானின் கனேகா நிறுவனம் 1957 முதல் தயாரிப்பது. மனித முடிக்கு மேல்தோலில் செதில் இருக்கிறது, அதனால்தான் வேர் பார்க்க வேண்டும். இரண்டும் வேறு. இந்தப் பின்னலுக்குச் செயற்கை நார்தான் தோது. லேசாகச் சொரசொரப்பு இருப்பதால் பிடித்து நிற்கும், கடைசியில் நுனியைச் சுடுதண்ணீரில் முக்கினால் பிரியாது. மனித முடி வழுக்கி இறங்கிவிடும்.

மணப்பெண் ஜடை (8.58)
வழுக்குமா? நான் சவுரி வைத்துக் கட்டிய ஜடை மூன்று நாள் கல்யாணத்துக்கு அசையாமல் நின்றிருக்கிறது.

கெமிஸ்ட்ரி டீச்சர் (9.03)
மூன்று நாள் சரி அக்கா. இந்தப் பின்னல் போடுகிறவர்கள் ஆறு வாரம் வைத்திருப்பார்கள். அப்புறம், சவுரி எல்லாம் கோயில் முடி இல்லை. தெருவில் சைக்கிளில் வந்து பாத்திரத்துக்கும் ஹேர்பின்னுக்கும் வாங்கிப் போகிற, சீவும்போது உதிர்ந்த சிக்கு முடியும் அதில் சேர்கிறது. வேர் நுனி கலப்பது அங்கேதான்.

மணப்பெண் ஜடை (9.05)
நான் சிக்கு முடி வாங்குவதில்லை. முப்பது வருடத்தில் ஒரு கஸ்டமரும் குறை சொன்னதில்லை.

ஸ்கார்பரோ அக்கா (9.26)
தங்கச்சி, நான் இங்கே கனடாவில ஒரு பிரெய்டு கடையில் வேலை செய்யிறன், முதலாளி ஜமைக்கா ஆள். மூன்று விஷயம் சொல்லும். பாக்கெட் நடுவிலே இருந்த ரப்பர் பேண்டை வெட்டினீரா? ஸ்டாண்டு எவ்வளவு உயரம்? மேலே ஃபேன் ஓடுதா?

கோவைப் பார்லர் (9.31)
பேண்டை வெட்டி, முழுசாகச் சீவித்தான் பிரித்தேன். ஸ்டாண்டு மூன்று அடி. ஃபேன் ஓடுகிறது, இந்த வெயிலில் எப்படி நிறுத்துவது?

ஸ்கார்பரோ அக்கா (9.48)
அப்ப ஸ்டாண்டில பிழை இல்லை. 82 இஞ்சை நடுவிலே மடித்தால் 41 இஞ்ச், மூன்றரை அடிக்கு ஒரு இஞ்ச்தான் குறைவு. மூன்று அடி ஸ்டாண்டில மேல் வரிசையில் மாட்டினாலே நுனி தரையில் கிடக்கும். ஃபேன் காத்து அதை உருட்டி உருட்டிப் பின்னிவிடும். ஸ்டாண்டை ஒரு மேசைக்கு மேலே தூக்கி வையும், நுனி அந்தரத்தில் தொங்க வேணும்.

அடுத்தது, இனிப் பேண்டை வெட்டாதையும், முழுக்கச் சீவாதையும். நுனி ஒரே மட்டமாக இருந்தால் கையால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஏற்ற இறக்கமாக்கும், பின்னல் கடைசியில் மெலிந்து வடிவாக வரும். பிறகு மடிப்பை இடது கையில் பிடித்து, வேண்டிய அளவை மடிப்பிலிருந்தே விரலால் பிரித்து, அந்த மடிப்பைத்தான் குச்சியில் கொழுவ வேணும்.

நாட்லெஸ் என்றபடியால் மூன்று அளவாகப் பிரியும். சொந்த முடியிலே இரண்டு மூன்று பின்னல் போட்ட பிறகு சேர்க்கிற முதல் துண்டு நூல் மாதிரி மெல்லிசு, அடுத்தது கொஞ்சம் தடிப்பு, கடைசித் துண்டுதான் பின்னலின் உடம்பு. மெல்லிசு எல்லாம் மேல் வரிசை, நடுத்தரம் நடு வரிசை, தடிப்பு கீழே. கண்ணால் பார்க்காமலே கை போய் எடுக்கும். ஒரு குச்சிக்கு ஒரு துண்டு, பக்கத்துக் குச்சியை வெறுமையாக விடும். இடம் காணாட்டி நாளைக்குத் தேவையான பாதியை மட்டும் மாட்டும், மிச்சம் பாக்கெட்டிலேயே கிடக்கட்டும்.

சீனியர் ஸ்டைலிஸ்ட் (9.55)
இதைத்தான் நானும் சொன்னேன். மேட் இருந்தால் இவ்வளவு குச்சிக் கணக்கு தேவையில்லை.

ஸ்கார்பரோ அக்கா (10.02)
மேட் நல்ல சாமான் ஐயா, விக் கட்டுகிறவைக்கும் நிறம் கலக்கிறவைக்கும் அது வேணும். இந்தப் பிள்ளைக்கு விடியவே கஸ்டமர்.

திருச்சி மேக்கப் (10.06)
சிஸ்டர், ஏற்கெனவே சீவி வைத்த முடியை என்ன செய்யப் போகிறீர்கள்? அதை நடுவில் ரப்பர் பேண்டு போட்டு மறுபடி மடித்துவிடுங்கள். அப்புறம் மரச்சீப்பு மறக்காதீர்கள்.

கோவைப் பார்லர் (மறுநாள் மாலை 5.40)
ஸ்டாண்டை டைனிங் டேபிள் மேல் ஏற்றி, ஃபேனை நிறுத்தி டேபிள் ஃபேனைக் கஸ்டமர் கால் பக்கம் திருப்பி வைத்தேன். மொத்தம் 48 பின்னல், ஏழு மணி நேரம். கழுத்துக்கு மேல் இரண்டு பின்னலில் மட்டும் தடிப்புத் துண்டை முதலில் வைத்துவிட்டேன், பிரித்துத் திரும்பப் போட்டேன். ஸ்டாண்டில் சிக்கே இல்லை. ரொம்ப நன்றி அக்கா.

மணப்பெண் ஜடை (6.15)
சந்தோஷம்மா. அந்த ஸ்டாண்டில் மேல் குச்சிக்கும் அடுத்த குச்சிக்கும் எவ்வளவு இடைவெளி? சவுரிக்கு ஒன்று வாங்கலாமா என்று பார்க்கிறேன்.